கொரோனா வந்தபோது மற்ற நோய்கள் எங்கே போயின?

2020ஆம் ஆண்டு இந்தியாவில் காசநோய் குறைந்தது. அரசின் பதிவேட்டைப் புரட்டினால் அப்படித்தான் தெரியும். 2019இல் சுமார் 24 லட்சம் பேர் காசநோயாளிகளாகப் பதிவானார்கள். அடுத்த ஆண்டு அது சுமார் 18 லட்சமாக இறங்கியது. ஒரே வருடத்தில் கால்வாசிப் பேரைக் காணோம். அந்த வருடம் புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை. ஏழைகளின் சாப்பாடு கூடவில்லை, குடிசைகளின் ஜன்னல் பெரிதாகவில்லை. கூலி நின்று, அரை வயிறும் கால் வயிறுமாக, ஒரே அறையில் ஆறேழு பேர் அடைந்து கிடந்த வருடம் அது. காசநோய் பரவ இதைவிடத் தோதான வருடம் கிடைக்காது. கணக்கில் வராத அந்த ஆறு லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் நோயோடு வீட்டிலேயே இருந்தார்கள் என்பதுதான் உண்மை.

பெருந்தொற்றின் சேதத்தைக் கணக்குப் பார்க்கும்போது வைரஸால் இறந்தவர்களை எண்ணுகிறோம். டாக்டரும் படுக்கையும் தாராளமாக உள்ள ஊர்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு போதும். வசதி குறைந்த பகுதிகளில் சேதத்தின் பெரும்பங்கு வேறெங்கோ நடக்கிறது. எடுக்காமல் போன சளிப் பரிசோதனை, போடாமல் விட்ட தடுப்பூசி, பாதியில் நின்ற மாத்திரை, வலி எடுத்த பிறகு மூன்று ஆஸ்பத்திரி வாசல் ஏறி இறங்கிய கர்ப்பிணி. விளைவு தெரிய ஒரு வருடமாகலாம், மூன்று வருடமாகலாம். தெரியும்போது அதைக் கொரோனாவின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. மும்பையில் தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், அன்டாப் ஹில், செம்பூர், கோவண்டி என்று நம் தமிழ் ஜனங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். ஆனாலும் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. தாராவி கொரோனாவை வென்ற கதையே பெரிதாகப் பேசப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

அந்தக் கதையையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தாராவியின் பரப்பு இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதற்குள் ஆறரை லட்சம் பேர் என்பது ஒரு மதிப்பீடு, பத்து லட்சம் என்பது இன்னொன்று. பத்தில் எட்டுப் பேர் பொதுக் கழிப்பறையை நம்பி வாழ்கிறவர்கள். 2020 ஏப்ரல் 1 அன்று முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே சயான் மருத்துவமனையில் இறந்துபோனார். இந்த நெரிசலில் தனிமனித இடைவெளி என்பது நடக்காத காரியம் என்று மாநகராட்சிக்கு முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் நோயைத் தேடிப் போனார்கள். சந்து சந்தாகக் காய்ச்சல் முகாம்கள் நடந்தன. அங்கேயே கிளினிக் வைத்திருக்கும் தனியார் டாக்டர்களைக் கவச உடை கொடுத்து அழைத்து வந்தார்கள். விளையாட்டு வளாகமும் பள்ளிக்கூடங்களும் தனிமைப்படுத்தும் இடங்களாயின. கழிப்பறைகளை ஒரு நாளைக்குப் பலமுறை கிருமிநாசினி அடித்துக் கழுவினார்கள். ஜூனில் தொற்று இறங்கியது. ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், இத்தாலி, ஸ்பெயின், தென்கொரியா வரிசையில் தாராவியையும் குறிப்பிட்டார். அந்த உழைப்பு உண்மையானது, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அதே ஜூலையில் மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை ஆய்வு ஒன்று நடத்தின. மாட்டுங்கா, சயான், அன்டாப் ஹில் பகுதிகள் அடங்கிய எஃப் நார்த், செம்பூர் மேற்கு அடங்கிய எம் வெஸ்ட், தஹிசர் பக்கத்து ஆர் நார்த் ஆகியவை அந்த வார்டுகள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேரின் ரத்தத்தில் கொரோனாவுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. அடுக்குமாடிகளில் 16 சதவீதம்தான். தாராவி இந்த வார்டுகளில் சேராது, அதன் பக்கத்து வார்டுதான் சேரும். இருந்தாலும் நகரத்தின் நிலவரம் அதில் தெரிந்தது. வெளியில் தெரிந்ததைவிட மிக அதிகமாகத் தொற்று குடிசைகளுக்குள் ஓடி முடிந்திருந்தது. பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள் என்பதால் பலருக்கு வந்ததே தெரியாமல் வந்து போனது. காய்ச்சல் முகாம்கள் பல உயிர்களைக் காப்பாற்றின, சந்தேகமில்லை. வைரஸை வாசலோடு நிறுத்திவிட்டோம் என்று மட்டும் சொல்ல முடியாது. இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த மூன்று மாதம் முகாமில் நின்ற நர்ஸ், லேப் ஊழியர், ஆரோக்ய சேவிகா ஆகியோர் அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

இருப்பதே ஒரு குழு

வசதி குறைந்த பகுதியின் மருத்துவ அமைப்பு என்பது பெரும்பாலும் ஒரே ஒரு குழு. தடுப்பூசி போடுவதும் கர்ப்பிணியைப் பதிவதும் காசநோய் மாத்திரை கொடுப்பதும் கொசு ஒழிப்புக்கு வீடு வீடாகப் போவதும் அதே ஐந்தாறு பேர்தான். புது நோய் ஒன்று வந்தால் அதற்கென்று ஆள் எடுக்க முடிவதில்லை. இருப்பவர்களைத்தான் அங்கே திருப்ப வேண்டும். திருப்பினால் பழைய வேலை நிற்கும். மும்பையின் குடிசைப் பகுதிகளில் இந்தப் பாரத்தைச் சுமப்பவர்கள் மாநகராட்சியின் ஆரோக்ய சேவிகாக்கள். மற்ற ஊர்களில் ஆஷா பணியாளர்கள் எப்படியோ இங்கே இவர்கள் அப்படி. வாங்குவது சம்பளம் கிடையாது, மதிப்பூதியம். கொரோனா வந்ததும் கையில் ஆக்ஸிமீட்டரையும் வெப்பமானியையும் கொடுத்து வீடு வீடாக அனுப்பியது இவர்களைத்தான்.

அப்படிப் போன ஒரு அக்காவிடம் பிறகு பேசிக்கொண்டிருந்தேன். பூர்வீகம் நெல்லைப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவி. "இருமல் இருக்கான்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கல தம்பி. இருமல்னு சொன்னா ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போயிரும்னு பயம். மூணு மாசமா இருமுற தாத்தாவையும் உள்ள படுக்கப் போட்டுட்டு, 'எல்லாரும் நல்லா இருக்கோம்க்கா'ன்னு வாசல்ல நின்னே சொல்லி அனுப்பிருவாங்க" என்றார். அந்தத் தாத்தாவுக்கு என்ன நோய் என்று அப்போது யாருக்குத் தெரியும்? கொரோனா, காசநோய் இரண்டுக்கும் இருமல், காய்ச்சல், உடல் தளர்ச்சி. ஒன்றைச் சொல்லப் பயந்ததில் இன்னொன்றும் மறைந்துகொண்டது.

சளிப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். டப்பாவில் எச்சிலைத் துப்பினால் ஆகாது. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சுக்குள்ளிருந்து இருமி வரும் கெட்டியான சளி வேண்டும். மற்றவர்களுக்குத் தொற்றாமலிருக்க வெளியே, காற்றோட்டமான இடத்தில் போய் எடுக்கச் சொல்வார்கள். இரண்டு பேர் எதிரெதிரே நடந்தால் தோள் இடிக்கும் சந்தில் காற்றோட்டமான வெளி எங்கே இருக்கிறது? கழிப்பறை வரிசைக்குப் பக்கத்திலோ குழாயடியிலோ நின்றுதான் இரும வேண்டும். 2020 ஏப்ரலில் அப்படி ஒருவர் நின்று அடிவயிற்றிலிருந்து இருமினால் சுற்றி இருப்பவர்கள் விடுவார்களா? பதினைந்து நிமிடத்தில் சந்து முழுக்கப் பேச்சாகிவிடும். டப்பாவை வாங்கி வந்தவர்களும் காலியாகவே மூலையில் வைத்துவிட்டார்கள்.

அப்படியே சளியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதைப் பார்க்கும் இயந்திரம் வேறு வேலையில் இருந்தது. காசநோய்க் கிருமியையும் அதன் மருந்து எதிர்ப்பையும் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் கொரோனா பரிசோதனைக்கும் பயன்படும் என்று 2020 ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அனுமதித்தது. அந்த நேரத்தில் அது சரியான முடிவுதான். ஆனால் நாடு முழுக்க அந்தக் கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் கொரோனா பக்கம் போனார்கள்.

ரயில் நின்றதும் நோயாளிகளைத்தான் முதலில் அடித்தது. மும்பையின் மருத்துவமே லோக்கல் ரயிலில் ஓடுவது. கோவண்டியில் இருக்கும் காசநோயாளிக்கு நோய் முற்றினால் சிவ்ரியில் உள்ள காசநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டும் ஹார்பர் லைனில் உள்ள ஸ்டேஷன்கள். டிக்கெட்டுக்குச் சில ரூபாய் போதும், நேராகப் போய் இறங்கலாம். 2020 மார்ச் 22 நள்ளிரவோடு அந்த ரயில் நின்றது. ஜூனில் அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும் ஓடியது. பொதுமக்கள் எல்லோரும் ஏறலாம் என்று ஆனது 2021 பிப்ரவரி 1 முதல், அதுவும் நெரிசல் இல்லாத நேரத்தில் மட்டும். இரண்டாம் அலையில் திரும்பவும் நிறுத்திவிட்டார்கள். கூலி வேலையும் இல்லாத நாளில் நோயாளியை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போய் வர எத்தனை வீடுகளால் முடிந்திருக்கும்?

புற்றுநோயிலும் இதே கதை. பரேலில் உள்ள டாடா மெமோரியல் மருத்துவமனை ஊரடங்கிலும் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்தது. கதவு திறந்திருந்தும் நோயாளிகள் வந்து சேர முடியவில்லை. நாடு முழுவதும் 41 புற்றுநோய் மையங்களில் எடுத்த கணக்கின்படி 2020 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிந்தவர்கள் முந்தைய ஆண்டைவிடப் பாதிக்கும் மேல் குறைந்திருந்தார்கள். புற்றுநோயில் மூன்று மாதத் தாமதம் என்றால் என்ன என்று அந்த வீடுகளுக்குத்தான் தெரியும்.

பாதியில் நின்ற மாத்திரை

மருந்துக்கு அடங்கும் சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. ஒரு மாதத்திலேயே இருமல் அடங்கி, உடம்பு தேறிவிடும். அங்கேதான் ஆபத்து. தேறிவிட்டதென்று நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிக்கொண்டு திரும்ப எழும். அதனால்தான் உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை என்பது மாத்திரையோடு சேர்ந்து, வந்து பார்த்துப் பேசும் ஒரு மனிதரையும் நம்பியிருக்கிறது. இந்த முறைக்கும் சென்னைக்கும் ஒரு சொந்தம் உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில் நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்தும், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே விட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீடும் போதாத சாப்பாடுமாக இருந்தவர்களும் ஒழுங்காக மருந்து எடுத்தபோது சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். 1959இல் வெளியான அந்த முடிவுதான் நோயாளியை மாதக்கணக்கில் ஊரை விட்டுப் பிரித்து வைக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்டத் தொடங்கியது. வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம், ஆனால் மருந்து அறுந்துபோகக் கூடாது. பெருந்தொற்று அறுத்தது அதைத்தான்.

2020 மேயில் தாராவியிலிருந்து நம் ஜனங்கள் கிடைத்த வண்டியில் ஊர் திரும்பியது நினைவிருக்கும். இ-பாஸ் வாங்கி, வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்த பிறகுதான் நெல்லைக்குள் நுழைய முடிந்தது. அந்த மாதம் தென்மாவட்டங்களில் பதிவான தொற்றில் பெரும்பங்கு மகாராஷ்டிரத்திலிருந்து வந்தவர்களிடம் இருந்தது என்பதால் ஊரே அவர்களைத் தள்ளி நின்று பார்த்தது. அந்தக் கூட்டத்தில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் இருந்திருப்பார்கள். காசநோயாளியாகப் பதியும்போது தரும் நிக்ஷய் எண் கையில் இருந்தால் நாட்டின் எந்த மூலையிலும் சிகிச்சையைத் தொடரலாம் என்பது விதி. மும்பையிலிருந்து வந்தவர் என்று தெருவே ஒதுங்கி நிற்கும்போது, எனக்கு டிபியும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மாத்திரை தீர்ந்த அன்றே சிகிச்சையும் முடிந்துபோனவர்கள் பலர்.

மும்பைக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மருந்துக்கு அடங்காத காசநோய் நாட்டிலேயே அதிகம் பேசப்படும் நகரம் இது. கையில் இருந்த எந்த மருந்துக்கும் மசியாத காசநோயை 2012 ஜனவரியில் டாக்டர்கள் அறிவித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்ததும் இங்கேதான். மருந்து கிடைக்காத நோயாளி ஒருவர் வருடத்துக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக்கூட நோயைத் தரலாம். முகக்கவசம் தெருவில் ஓரளவு பாதுகாத்திருக்கும். ஆனால் காசநோய் அதிகம் பரவுவது கூட உட்கார்ந்து சாப்பிட்டு, பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு. ஊரடங்கு அவர்களை இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே அறையில் வைத்திருந்தது.

உலக அளவிலும் இதேதான் நடந்தது. 2019இல் 71 லட்சம் பேருக்குக் காசநோய் கண்டறியப்பட்டது, 2020இல் அது 58 லட்சம். பத்தாண்டுகளுக்கு மேலாக இறங்கிக்கொண்டே வந்த காசநோய் மரணம் அந்த ஆண்டு முதன்முறையாக ஏறி 15 லட்சத்தைத் தொட்டது. மலேரியா மரணம் 2019ஐவிட 69,000 கூடியது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் கொசுவலையும் பரிசோதனையும் சிகிச்சையும் தடைபட்டது என்று உலக சுகாதார நிறுவனமே கணக்கிட்டது. பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

இரண்டு வருடம் கழித்து வந்த தட்டம்மை

2022 அக்டோபர் கடைசி. கோவண்டியின் ரஃபி நகரில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். தட்டம்மை. தேவ்னார் குப்பை மேட்டை ஒட்டிய எம் ஈஸ்ட் வார்டு அது. பிறகு மற்ற வார்டுகளுக்கும் பிவண்டி, மாலேகாவ் போன்ற ஊர்களுக்கும் பரவியது. கஸ்தூர்பா மருத்துவமனையின் வார்டுகள் திரும்பவும் நிரம்பின, இந்தமுறை குழந்தைகளால். மத்திய அரசு நிபுணர் குழுவை அனுப்பியது. தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் 2023க்குள் ஒழிப்பதாக இந்தியா இலக்கு வைத்திருந்த நேரம் அது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். தட்டம்மை தடுப்பூசியின் முதல் தவணை ஒன்பது மாதத்தில், இரண்டாவது தவணை பதினாறாவது மாதத்துக்குப் பிறகு. 2020 தொடக்கத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் தவணை அந்த ஆண்டின் பிற்பகுதியில் வர வேண்டும், இரண்டாவது 2021 நடுவில், அதாவது இரண்டாம் அலை அடித்து ஓய்ந்த கையோடு. இரண்டு நேரத்திலும் தடுப்பூசி போடுகிறவர்கள் கொரோனா வேலையில் இருந்தார்கள். 2022 அக்டோபரில் அந்தக் குழந்தைகளுக்கு இரண்டரை வயது. நோயில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை ஒட்டிய, தடுப்பூசி முழுமையாகப் போடாத குழந்தைகள்.

அங்கன்வாடியில் தடுப்பூசி போடும் நாளைப் பார்த்தவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் தெரிந்திருக்கும். நர்ஸ் தோளில் நீலநிற ஐஸ் பெட்டியோடு வருவார். தட்டம்மை மருந்து பொடியாக இருக்கும், கரைத்துத்தான் போட வேண்டும். ஒரு குப்பியில் ஐந்து அல்லது பத்துக் குழந்தைகளுக்கான மருந்து. கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் போடாவிட்டால் மிச்சத்தை வீசிவிட வேண்டும். அதனால் நாலைந்து குழந்தைகளாவது சேரட்டும் என்று பார்ப்பார்கள், சேவிகா சந்துக்குள் ஓடி ஓடித் தாய்மார்களைக் கூட்டி வருவார். மொத்த ஏற்பாடும் கூட்டம் சேர்வதை நம்பித்தான் நடக்கிறது. கூட்டமே சேரக் கூடாது என்று சட்டம் போட்ட மாதங்களில் இது எப்படி நடக்கும்? போதாததற்குக் கொரோனா தடுப்பூசியைப் பற்றிக் கிளம்பிய வதந்திகளில் குழந்தைத் தடுப்பூசியின் மீதிருந்த நம்பிக்கையும் சேர்ந்து அடிவாங்கியது.

தட்டம்மை, நாம் விட்ட இடைவெளியைத் தேடிப்பிடித்து நுழையும் நோய். நோயெதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றும். நூற்றில் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்கு இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அதை நிறுத்த முடியும். நல்ல சாப்பாடு கிடைக்கும் குழந்தை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஊட்டம் குறைந்த குழந்தைக்கு நிமோனியாவாக முற்றும், கண் பார்வை போகும். அதனால்தான் நோய் வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள். பிழைத்த குழந்தைக்கும் முன்பு சேர்த்து வைத்த நோயெதிர்ப்பில் ஒரு பகுதி அழிந்துவிடும் என்று 2019இல் வந்த ஆய்வுகள் காட்டின. பாட்டிமார் "அம்மை வந்த பிள்ளை ஒரு வருஷத்துக்கு நோஞ்சானாத்தான் இருக்கும்" என்று சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது. 2021இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 4 கோடிக் குழந்தைகள் தட்டம்மை தடுப்பூசியில் ஒரு தவணையையாவது தவறவிட்டார்கள். ரஃபி நகர் அந்த நாலு கோடியில் ஒரு சின்ன மூலை.

யாருக்கும் தெரியாமல் வந்த ஆபத்து என்று இதைச் சொல்லிவிட முடியாது, அதுதான் மனதைச் சுடுகிறது. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா 11,300 பேருக்கு மேல் கொன்றது. லைபீரியாவில் நோய் வருவதற்கு முன்பே நாற்பது லட்சம் பேருக்கு ஐம்பது டாக்டர்கள் போலத்தான் இருந்தார்கள், அவர்களிலும் சிலரை எபோலா கொண்டுபோனது. கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் மலேரியா, எச்ஐவி, காசநோய்ச் சிகிச்சை தடைபட்டதால் மட்டும் கூடுதலாக இறந்தவர்கள் ஏறத்தாழ எபோலா கொன்ற அதே அளவு இருக்கலாம் என்று பிறகு கணக்கிட்டார்கள். 2019இல் காங்கோவில் உலகமே எபோலாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதைவிட இரண்டு மடங்குக்கு மேல், 6,000 பேரைத் தட்டம்மை கொன்றது. பெரும்பாலும் குழந்தைகள். இவ்வளவும் கண்ணெதிரே நடந்து முடிந்த பிறகுதான் கொரோனா வந்தது.

பிறகு ஏன் யாரும் தயாராக இல்லை? பணம்தான் முதல் காரணம். இந்தியாவில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவிடுவது 2019-20இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒன்றேகால் சதவீதத்துக்குச் சற்று மேல். 2025க்குள் இரண்டரை சதவீதமாக்குவோம் என்று 2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. சாதாரண நாளிலேயே சயான் மருத்துவமனையில் ஒரு கட்டிலில் இருவரைப் பார்க்கலாம், தரையில் பாய் விரித்தும் படுத்திருப்பார்கள். அப்படிப்பட்ட அமைப்பில் அவசரத்துக்கு எடுத்துக் கொடுக்க மிச்சம் எங்கிருந்து வரும்? 2020 ஏப்ரலில் நாயர் மருத்துவமனையைக் கொரோனாவுக்கென்றே ஒதுக்கினார்கள். அங்கே வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த மற்ற நோயாளிகள் அனைவரும் வேறு வாசல் தேட வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம், நம் அமைப்பு கொள்ளைநோயைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகப் பார்க்கப் பழகியது. 1896 செப்டம்பரில் மும்பையின் மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் பிளேக்கைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேய அரசு கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. வீடு புகுந்து நோயாளிகளை இழுத்துச் சென்றதில் ஜனங்கள் நோயையே மறைக்கத் தொடங்கினார்கள். 2020இல் அமலுக்கு வந்ததும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்தான். அக்கா சொன்ன பயத்துக்கு வயது நூற்றுக்கு மேல்.

நல்லதும் நடக்காமல் இல்லை. கொரோனாவுக்காக வாங்கிய ட்ரூநாட் கருவிகள் பிறகு காசநோய்ப் பரிசோதனைக்குத் திரும்பின. பதிவு 2022இல் திரும்பவும் 24 லட்சத்தைத் தாண்டியது, அதாவது விடுபட்டவர்களில் ஒரு பகுதியினர் தாமதமாகவாவது கிடைத்தார்கள். மும்பையில் 2022 நவம்பரில் தொடங்கிய ஆப்லா தவாகானா என்ற மாநகராட்சி மருத்துவ மையங்களில் சில சாயங்காலமும் இரவும் திறந்திருக்கின்றன. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டாக்டரைப் பார்க்க முடியாதவர்களுக்கு இது பெரிய விஷயம். தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. புதிதாகக் கண்டறியப்படும் நோயாளியின் எடை, மூச்சு, எழுந்து நிற்கும் தெம்பு ஆகியவற்றை முதல் நாளே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். பெரிய கருவி எதுவும் தேவைப்படாத வேலை. சாப்பாட்டின் பங்கும் இப்போது தெளிவாகியிருக்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்தபோது அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது நாற்பது சதவீதம் போலக் குறைந்தது. நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது.

மாறாதது, அந்த ஒரே குழு. தாராவியிலும் கோவண்டியிலும் கதவைத் தட்டும் சேவிகாக்கள் நிரந்தர ஊழியராக்கக் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். ஆஷா பணியாளர்களுக்கு 2022 மேயில் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்துக் கௌரவித்தது. பெருந்தொற்றில் கிடைத்த பணம் பெரும்பாலும் கட்டடமாகவும் கருவியாகவும் ஆக்ஸிஜன் ஆலையாகவும் ஆனது. ஆள் போடுவதற்கு ஆனது குறைவு. அடுத்த தொற்று நாளைக்கே வந்தாலும் ஆக்ஸிமீட்டரோடு போகப் போவது அதே அக்காதான். அவர் போன பிறகு காசநோய் மாத்திரையை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதற்கு ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் எழுதிவைத்த ஏற்பாடு இருக்க வேண்டும். புதுத் தொற்றுக்கு ஒரு குழு, வழக்கமான வேலையிலிருந்து நகர்த்தாத இன்னொரு குழு என்று முன்கூட்டியே பிரித்து வைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. மும்பைத் தமிழ்ச் சங்கங்களும் பேரவைகளும் மாநகராட்சித் தேர்தலில் வோட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியதும் இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதுவரை வீட்டளவில் செய்யக்கூடியது ஒன்றிரண்டு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால், சாயங்காலக் காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தால், மாநகராட்சி டிஸ்பென்சரியில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் மற்றவர்களையும், முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை, பரிசோதித்துத் தடுப்பு மருந்து வாங்க வேண்டும். ஊருக்குப் போகிறவர்கள் நிக்ஷய் எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு, போகும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் வாரமே காட்டினால் மருந்து தடைபடாது. நிக்ஷய் உதவி எண் 1800 11 6666, கட்டணமில்லை. 2020, 2021இல் பிறந்த பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து, தட்டம்மை ரூபெல்லா கட்டத்துக்கு நேராக இரண்டு தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுதான் இருந்தால் அட்டையோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பக்கத்து ஹெல்த் போஸ்ட்டுக்குப் போய்க் கேளுங்கள்.